மனையறமும் மனையழகும்

ஐப்பசி அமாவாசையின் வைகறையில் பகவான் மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு எய்தினார். அந்நாளை ஒளி நாளாகக் கொண்டாடும் வழக்கம் தமிழ்ச் சமணர் இல்லங்களில் வழிவழியாக நிலவி வருகிறது. விழா நாளுக்குப் பத்து நாள் முன்பே வீட்டில் வேலை தொடங்கிவிடும். பரணில் கிடந்த பாத்திரங்கள் இறங்கும். ஒட்டடை அகற்றப்படும். திண்ணை கழுவப்படும். வாயிற்படிக்கு மஞ்சளும் காவியும் ஏறும். இவை அனைத்தும் வீட்டார் தம் கையாலேயே, அருகில் கிடைத்த பொருளைக் கொண்டே, மிகக் குறைந்த செலவில் செய்து முடித்த வேலைகள்.

இவ்வேலைகளுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. சங்கப் பாடல்களிலும் காப்பியங்களிலும் கல்வெட்டுகளிலும் குகை ஓவியங்களிலும் அதன் தடங்கள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தொகுத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகும். இல்லத்தை அழகு செய்தல் என்பது தமிழ்ச் சமணருக்கு வெறும் அலங்காரமாக இருந்ததில்லை. எவ்வளவு செய்யலாம், எதைக் கொண்டு செய்யலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்னும் அளவு உணர்வு அதனுள் அறமாகவே பொதிந்திருந்தது.

சங்க காலத்து மனை

சங்க இலக்கியம் காட்டும் வீடுகள் பல தரத்தன. நெடுநல்வாடையில் வரும் அரண்மனையின் சுவர் செம்பினால் செய்தது போன்ற உறுதியுடையது. வெள்ளி போல ஒளிரும் சுண்ணச் சாந்து பூசப்பட்டது. பூங்கொடி ஓவியம் தீட்டப்பட்டது. அதே பாட்டில் எளிய விழவணி ஒன்றும் வருகிறது. கார்முகில் சூழ்ந்து பகலும் இரவும் தெரியாத நாளில், பிச்சி அரும்பு மலர்வது கண்டு மாலைப் பொழுது வந்ததென்று அறிகின்றனர் பெண்கள். இரும்பு விளக்கில் நெய் தோய்ந்த திரியை ஏற்றி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகின்றனர். ஒரு விளக்கு, ஒரு கை நெல், சிறிது மலர் ஆகிய இவையே மனையை மங்கல மனையாக்கப் போதுமானவையாக இருந்தன.

சாணத்தால் தரை மெழுகும் வழக்கத்தைப் பெரும்பாணாற்றுப்படை குறிக்கிறது. அந்தி விளக்கேற்றி மலர் இட்டு மெழுகிய இடத்தைப் பட்டினப்பாலை பேசுகிறது. கார்த்திகை விழா நாளில் தெருவெங்கும் விளக்கு வைத்து மாலை தொங்கவிட்டதை அகநானூறு சொல்கிறது. மெழுகுதல், விளக்கிடுதல், மாலை தூக்குதல் என்னும் மூன்றும் இன்றைக்கும் எந்த விழாவிலும் மாறாமல் தொடர்பவை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளில் தமிழர் வீட்டின் அமைப்பு பலமுறை மாறியது. இந்த மூன்று செயல்கள் மாறவில்லை.

மணிமேகலையின் விழாவறை காதை இதனை இன்னும் விரித்துரைக்கிறது. இந்திர விழாவை முரசறைந்து அறிவிப்பவன், தோரணம் கட்டவும் நிறைகுடமும் பாலிகையும் பாவை விளக்கும் வைக்கவும் சொல்கிறான். குலையுடன் கமுகும் வாழையும் கரும்பும் நடச் சொல்கிறான். பின்னர், பழைய மணலை அகற்றிப் புது மணல் பரப்புமாறு கூறுகிறான். இந்த ஆணை எண்ணிப் பார்க்கத் தக்கது. பூம்புகார் போன்ற செல்வம் கொழித்த துறைமுக நகரில்கூட விழாவின் முதற்பொருள்களுள் ஒன்றாக ஆற்றுமணலே இருந்திருக்கிறது. விலை இல்லாத பொருள். இட்ட மறுகணமே தெருவுக்குப் புதுமை தரும் பொருள்.

சிலம்பு காட்டும் இரு வீடுகள்

சமண அறத்தின் பின்னணியில் மனையழகை உணர வேண்டுமாயின் சிலப்பதிகாரத்துக்கே செல்ல வேண்டும். அக்காப்பியத்தில் இரு வீடுகள் எதிரெதிராக நிற்கின்றன.

முதலாவது, புகாரில் கண்ணகி திருமணம் நிகழ்ந்த மண்டபம். வயிர மணித் தூண்கள், நீலப் பட்டு விதானம், முத்துப் பந்தர். செல்வ வணிகர் இருவர் தம் மக்களுக்குச் செய்த அணி அது. அதில் ஒரு பொருளும் கண்ணகியின் கை படாதது.

இரண்டாவது, மதுரையில் உள்ள ஒரு சிற்றில். சமணத் துறவியாகிய கவுந்தி அடிகள் கண்ணகியையும் கோவலனையும் மாதரி என்னும் இடைக்குல முதியவளிடம் அடைக்கலமாகத் தருகிறார். மாதரி அவர்களைக் குடிவைத்த அந்தச் சிறுவீடு செம்மண் பூசப்பட்டு, அழகிய பந்தரும் காவலும் உடையதாக இருந்தது. கோவலன் சாவக நோன்பி, பகலிலேயே உண்பவன், ஆதலால் சமைப்பதற்கு நல்ல கலங்களைக் காலம் தாழ்த்தாது தர வேண்டும் என்னும் சொல்லும் அவ்விடத்தில் வருகிறது. சாவக நோன்பி என்பது சமண இல்லறத்தானைக் குறிப்பது.

உணவு ஆக்கிய பின் நிகழ்வதை இளங்கோவடிகள் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார். பனையோலையால் கைத்திறம் மிக்க பெண் ஒருத்தி முடைந்த வெண்ணிறத் தவிசில் கோவலன் அமர்கிறான். சுடுமண் கலத்து நீரால் கண்ணகி அவன் அடியைக் கழுவுகிறாள். தரையில் தண்ணீர் தெளித்துத் தன் கையால் தடவுகிறாள். மண்மகளின் மயக்கத்தைத் தெளிவிப்பவள் போல அவள் அதைச் செய்தாள் என்கிறார் அடிகள். அதன்மேல் வாழைக் குருத்தை விரிக்கிறாள்.

அந்த வீட்டில் விலை மதிக்கத்தக்க பொருள் ஒன்றும் இல்லை. செம்மண், ஓலை, சுடுமண், வாழையிலை, தண்ணீர் என்பவையே உள்ளன. ஆனால் அக்காப்பியத்தில் மிக அமைதியான, மிக அழகான உட்காட்சி அதுவே. அந்த வீடு அவர்களுடையதும் அன்று. ஒரு வேளை உணவு முடிந்ததும் கோவலன் சிலம்பு விற்கப் புறப்படுகிறான், மீளவில்லை. இரவலாகக் கிடைத்த இடத்தைக்கூட நீர் தெளித்துத் தூய்மை செய்து அழகுபடுத்திய கையைத்தான் அடிகள் காப்பியத்தில் பதித்து வைத்தார்.

அளவு என்னும் அணி

சமண நூல்கள் இல்லறத்தார்க்கு ஐந்து அணுவிரதங்களை வகுக்கின்றன. அவற்றுள் இறுதியானது மிகுபொருள் விரும்பாமை. பொருளுக்குத் தானே எல்லை வகுத்துக்கொண்டு அதற்குள் வாழ்தல். உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம் எல்லை வகுக்க வேண்டிய பொருள்களைப் பட்டியலிடுகிறது. நிலம், வீடு, வெள்ளி, பொன், கால்நடை, தானியம், பணியாளர், துணிமணி முதலியன அதில் உள்ளன. வீட்டைக் குறிக்க அந்நூல் ஆளும் சொல் ‘வாஸ்து’ என்பதாகும். இன்று வாஸ்துவின் பெயரால் நல்ல சுவரை இடித்துக் கட்டுவோர் பலர். அதே சொல் சமண அறநூலில், இவ்வளவு போதும் என்று வரையறுக்க வேண்டிய பொருளாக வருகிறது.

இதற்கு அடுத்து, பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்கல் என்னும் குணவிரதமும் உண்டு. அனர்த்த தண்ட விரதம் என்பது அதன் பெயர். ஆசாரியர் சமந்தபத்திரரின் இரத்தின கரண்டக சிராவகாசாரமும் அதனையொட்டித் தமிழில் குறள் வெண்பாவால் அமைந்த அருங்கலச்செப்பும் இதனை விளக்குகின்றன. காரணமின்றி நிலத்தை அகழ்தல், நீரைக் கொட்டுதல், தீ மூட்டுதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியன இவ்விரதத்துக்கு மாறானவை.

வீட்டைப் பெருக்கினாலும் கழுவினாலும் விளக்கேற்றினாலும் சிற்றுயிர்க்கு ஊறு நேரும். இதனைச் சமணம் மறைக்கவில்லை. இல்லறத் தொழிலில் தவிர்க்க இயலாது நேரும் ஊறு ‘ஆரம்பி இம்சை’ எனப்படும். வேண்டுமென்றே செய்யும் கொலையினின்று இது வேறானது. தவிர்க்க இயலாதது என்பதால் அது பொருட்டல்ல என்று ஆகிவிடாது. கவனத்தாலும் அளவாலும் அதைக் குறைப்பது இல்லறத்தான் கடமை. மழைக்காலம் நான்கு திங்களும் துறவியர் ஓரிடத்தில் தங்குவது சிற்றுயிர் பெருகும் காலத்தில் அவற்றின்மேல் மிதித்து நடவாமைக்கே. அதே கருத்தை ஒட்டி, இல்லத்தார் மண் தோண்டும் வேலையையும் சுவர் வேலையையும் மழை ஓய்ந்த காலத்துக்கு ஒத்திவைப்பது பொருத்தமாகிறது.

ஆகவே சிக்கனம் என்பது இங்கே வறுமையின் விளைவு மட்டும் அன்று. செல்வம் உள்ளவனும் மேற்கொள்ள வேண்டிய நோன்பு அது.

புதுக்குதலும் புண்ணியமே

பழையதைச் செப்பம் செய்வதைச் சமண மரபு புதியது படைப்பதற்கு இணையாகவே போற்றியிருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் குகைக் கோயில் இதற்குச் சான்று. பாண்டியன் அவனிபசேகரன் சீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அக்கோயிலின் அகமண்டபத்தைப் புதுக்கி முகமண்டபத்தை எழுப்பினார் என்பதை அங்குள்ள பாட்டு வடிவக் கல்வெட்டு தெரிவிக்கிறது. ஆசிரியர் ஒருவர் பழைய மண்டபத்தைச் சீர்செய்த செய்தி, பேரரசர் படையெடுப்புகளுக்கு நிகராகக் கல்லில் நிலைத்துவிட்டது.

சித்தன்னவாசல் விதானத்தில் தாமரைத் தடாகம் தீட்டப்பட்டுள்ளது. சமவசரணத்தின் ஒரு பகுதியாகிய பொய்கையில் பவ்வியர்கள் மலர் கொய்யும் காட்சி அது. மீனும் பறவையும் யானையும் எருமையும் அத்தடாகத்தில் அஞ்சாது திரிகின்றன. அவ்வோவியத்தின் தளம் சுண்ணச் சாந்து. வெண்மைக்குச் சுண்ணாம்பு, கருமைக்குக் கரி, செம்மைக்கும் மஞ்சளுக்கும் காவி மண். ஆயிரம் ஆண்டு கடந்தும் அழியாத வண்ணங்களுள் பெரும்பாலானவை எளிய வீட்டின் சுவருக்கும் எட்டக்கூடிய பொருள்களாகவே இருந்தன என்பது வியப்புக்குரியது. வேலூர் வட்டாரத்து ஆர்மாமலையிலும் போளூருக்கு அருகிலுள்ள திருமலையிலும் காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்திலும் சமணர் ஓவிய மரபு தொடர்ந்தது. திருப்பருத்திக்குன்றத்துச் சங்கீத மண்டபம் விசயநகர அமைச்சர் இருகப்பரால் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்டது. அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் வரிவரியாகத் தீட்டப்பட்டன.

கோயிலின் அன்றாடத் தூய்மைக்கும் சான்றுகள் உள்ளன. தரை மெழுகுவதைத் ‘திருமெழுக்கு’ என்றும் துடைப்பத்தைத் ‘திருவலகு’ என்றும் சிறப்பித்தனர் முன்னோர். மெழுகுவோர்க்கு விடப்பட்ட நிலம் திருமெழுக்குப்புறம் எனப்பட்டது. துடைப்பத்துக்கும் ‘திரு’ சேர்த்துச் சொன்ன மொழி தமிழ். முதலாம் இராசேந்திர சோழன் காலத்துத் திருமலைக் கல்வெட்டு, அங்குள்ள குந்தவை சினாலயத்தில் விளக்கெரிக்கக் கொடை தந்த பெண்மணி ஒருவரைக் குறிக்கிறது. வணிகன் நன்னப்பையன் மனைவி சாமுண்டப்பை என்பது அவர் பெயர். அரசன் வென்ற நாடுகளை நெடிதாக அடுக்கும் அதே கல்லில், ஒரு வணிகர் வீட்டுப் பெண் ஏற்றிய விளக்கும் இடம்பெற்றது.

சுண்ணாம்பின் நெறி

பழைய வீடுகளின் அழகுக்கும் நலத்துக்கும் அடிப்படை சுண்ணாம்பு. காளவாயில் சுட்ட கல் நீரில் இடப்பட்டதும் கொதித்து நீறும். சுவரில் பூசிய பின் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாக இறுகும். சுட்ட கல் மறுபடியும் கல்லாவதே சுண்ணப் பூச்சின் இரகசியம். சுண்ணாம்பின் காரத்தன்மையால் பூஞ்சணம் எளிதில் படராது. பூச்சிகள் அச்சுவரை நாடா. வந்த பூச்சியை மருந்தடித்துக் கொல்வதினும் வாராமற் காத்தல் நன்று அன்றோ! சமண இல்லங்களுக்குச் சுண்ணாம்பு உகந்ததாக அமைந்த காரணம் இதனால் விளங்கும்.

வெள்ளையடிக்கும் முறை எளியது. நீறாத சுண்ணாம்பு 1 கிலோவுக்குச் சுமார் 5 லிட்டர் நீர் என்பது கணக்கு. நீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இட வேண்டும். கொதித்துத் தெறிக்கும் என்பதால் குழந்தைகளை அருகில் விடலாகாது. கண்ணையும் கையையும் காத்துக்கொள்ள வேண்டும். 24 மணி நேரம் ஊறிய பின் துணியில் வடிகட்டி, சுவரில் ஒட்டுவதற்கு அரிசிக் கஞ்சியோ வேலம்பிசினோ சேர்ப்பர். வெண்மை எடுப்பாகத் தெரிய, கிலோவுக்கு 3 கிராம் அளவுக்கு மேற்படாமல் நீலம் கலப்பர். தென்னை மட்டையின் முனையைத் தட்டி நாராக்கினால் அதுவே தூரிகை. மெல்லிய பூச்சாக இருமுறை அடிப்பது, கெட்டியாக ஒருமுறை அடிப்பதைவிடச் சிறந்தது. பழுத்த மஞ்சள் நிறம் வேண்டுவோர் மஞ்சட்காவியும், சுவரடியில் கரை வேண்டுவோர் செங்காவியும் சேர்த்துக்கொள்வர்.

சமண நெறி சார்ந்த சில நுட்பங்கள் இதில் உண்டு. எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசையைச் சுண்ணாம்பில் கலக்கும் பழக்கம் பரவலாக இருந்தது. அருகன் நெறியினர்க்கு அது ஆகாது. சுவர் பளபளக்க முட்டையின் வெண்கருவைச் சேர்க்கும் முறையும் ஒவ்வாது. கடுக்காய் ஊறல் நீரும் பனைவெல்லமும் சேர்த்து அரைத்த சாந்தே அவர்க்கு ஏற்றது. சுண்ணாம்பு ஊறும் தொட்டியைத் திறந்து வைத்தால் பல்லியும் பூச்சியும் விழும். ஆதலால் மூடி வைத்தல் வேண்டும். பெருக்கும்போது மென்மையான துடைப்பத்தால் மெல்லத் தள்ளிப் பெருக்குதல் வேண்டும். துறவியர் மயிற்பீலிப் பிஞ்சியால் இடத்தை வருடிய பின் அமர்வது போல, இல்லத்தார் துடைப்பமும் உயிரை ஒதுக்க வேண்டுமே அன்றி ஒழிக்கக்கூடாது.

காலமும் கருதத்தக்கது. ஐப்பசி அடைமழை மாதம். பூச்சு இறுகும் முன் மழை கழுவிவிடும். அதனால் ஐப்பசி விழாவுக்கு வீட்டின் உட்புறத் தூய்மையும் வாயில் அணியும் போதும் என விட்டு, முழு வெள்ளையடிப்பைத் தைப் பொங்கலை ஒட்டிய உலர்ந்த நாள்களுக்கு வைத்துக்கொள்வது தட்பவெப்பத்துக்கும் பொருந்தியது, அறத்துக்கும் பொருந்தியது.

1904இல் சென்னையில் சிமெண்டு தயாரிக்கும் முயற்சி தொடங்கியது. 1914இல் போர்பந்தர் ஆலை உற்பத்தியில் இறங்கியது. பின்னர் மெல்ல மெல்லச் சுண்ணாம்புக் காளவாய்கள் அணைந்தன. எண்ணெய் வண்ணங்கள் வந்தன. அவற்றுள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் கேடு என்பதால், வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படக்கூடாது என்னும் விதி 2017 நவம்பர் முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. பழைய எண்ணெய் வண்ணம் உரிந்து நிற்கும் சன்னல்களையும் கதவுகளையும் உலர்ந்த நிலையில் தேய்க்காமல், நீர் தெளித்து ஈரப்படுத்தித் தேய்ப்பதே குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நல்லது.

கோலமும் தோரணமும்

கோலம் என்னும் சொல்லுக்கு அழகு, வடிவம் என்னும் பொருள்கள் உண்டு. வாயிலில் அரிசி மாவால் கோலமிடுதல் எறும்பு முதலிய சிற்றுயிர்க்கு உணவிடுதலும் ஆகும். அணி செய்யும் செயலும் கொடை செய்யும் செயலும் ஒன்றாக அமைந்த கலை அது. பிற்காலத்தில் அரிசி மாவுக்கு மாற்றாக மொக்குமாவு வந்தது. கோடு பளிச்சென்று தெரிந்தது, எறும்புக்கு உணவில்லாமற் போயிற்று. இரசாயன வண்ணப் பொடிகள் வந்தபின் உணவிட்ட இடம் நஞ்சிடும் இடமாகவும் மாறக்கூடும். அரிசியை ஊறவைத்து அரைத்துத் துணியால் நனைத்திடும் இழைக்கோலத்துக்கு ஒரு கைப்பிடி அரிசி போதும். சுற்றிலும் செம்மண் கரை இட்டால் வேறு வண்ணம் தேவைப்படாது.

சமணர் பூசையில் அரிசியால் இடும் சுவஸ்திகம் பொருள் செறிந்தது. நான்கு கரங்கள் தேவர், மனிதர், விலங்கு, நரகர் என்னும் நான்கு கதிகளைக் குறிக்கும். மேலுள்ள மூன்று புள்ளிகள் நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகள். பிறை சித்தசிலை, அதன்மேல் உள்ள புள்ளி வீடுபெற்ற சித்தர். இத்தகைய புனிதக் குறியைக் காலடி படும் தெருவில் இடாமல் பூசை இடத்தில் இடுவது முறை. கண்ணாடி, நிறைகுடம், சாமரம், கொடி, விசிறி, குடை முதலிய அட்டமங்கலப் பொருள்களும் பூசை மாடத்துச் சுவரில் காவியால் தீட்டத்தக்க எளிய வடிவங்களே. வரையத் தெரிந்த சிறுவர் ஒருவர் போதும்.

தோரணத்துக்கு மாவிலை. பறித்த பின்னும் சில நாள் பசுமை மாறாதிருப்பது அதன் சிறப்பு. ஒரு வாயிலுக்கு ஒரு சரம் போதும். கண்ணுக்கு விருந்தாக ஒரு மரத்தை மொட்டையடிப்பது பயனில் தீங்கு என்னும் வரையறைக்குள் அடங்கிவிடும். தென்னங்கீற்றைக் கிழித்து மடித்துக் கிளியாகவும் குருவியாகவும் தொங்கவிடுவது தமிழர் கைவினை. நெகிழித் தோரணம் ஆண்டுக்கணக்கில் இருக்கும் என்பர். உண்மைதான்; குப்பையில் எறிந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் இருக்கும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பல நெகிழிப் பொருள்களுக்கு 2019 சனவரி 1 முதல் தமிழகத்தில் தடை வந்தது. சட்டம் வந்து சொல்வதற்குப் பல நூற்றாண்டு முன்பே விரதம் அதனைச் சொல்லியிருந்தது.

ஒளி நாள்

மகாவீரர் வீடுபெற்ற இரவில் காசி, கோசல நாட்டு அரசர்கள் கூடி, ஞான ஒளி மறைந்தது. இனிப் புற ஒளியையேனும் ஏற்றுவோம் என்று விளக்கேற்றினர் எனக் கல்ப சூத்திரம் கூறும். சக ஆண்டு 705இல், அதாவது கி.பி. 783இல், சினசேனர் இயற்றிய அரிவம்ச புராணமும் பாவாபுரி விளக்கொளியால் விளங்கியதையும் மக்கள் ஆண்டுதோறும் அவ்விழாவைக் கொண்டாடி வருவதையும் குறிக்கிறது. தீபாவளிக்கும் சமணத்துக்கும் உள்ள தொடர்பை மயிலை சீனி. வேங்கடசாமி தம் ‘சமணமும் தமிழும்’ நூலில் எடுத்துக்காட்டினார்.

அந்த விளக்கு துயரில் பிறந்தது. மறைந்த ஒளிக்கு மாற்றாக ஏற்றப்பட்டது. ஆதலால் அதன் எண்ணிக்கையில் பெருமை இல்லை. ஐப்பசி மழைநாளில் ஈசலும் விட்டிலும் சுடரை நாடி வரும். பழைய வீடுகளில் சுவரிலேயே குடைந்த விளக்கு மாடம் காற்றுக்கு மட்டுமன்றி அவ்வுயிர்களுக்கும் ஓரளவு காப்பாயிற்று. மாடம் இல்லாத இன்றைய அடுக்ககத்தில் அகல்விளக்கின்மேல் கண்ணாடிக் கூண்டு கவிழ்க்கலாம். நூறு விளக்கைத் திறந்து வைப்பதைவிட ஒரு விளக்கைக் காத்து ஏற்றுவது பாவாபுரியின் பொருளுக்கு அணுக்கமானது.

கைகள் எங்கே?

திண்டிவனம், வந்தவாசி, ஆரணி, செய்யாறு வட்டாரங்களில் தமிழ்ச் சமணர் ஊர்கள் பல. பிள்ளைகளின் படிப்பும் வேலையும் நகரங்களில் அமைந்துவிட்டன. பூர்வீக வீடுகள் பலவும் பூட்டிக் கிடக்கின்றன. கோயில் திருவிழாவுக்கோ திருமணத்துக்கோ ஆண்டில் ஓரிரு நாள் திறக்கின்றன. ஓடு நழுவிய இடத்தில் ஒழுகும் மழை ஒரே பருவத்தில் சுவரைக் கரைத்துவிடும். நழுவிய ஓட்டைச் சரிசெய்ய ஒரு ஏணியும் அரைமணி நேரமும் போதும். விட்டுவிட்டால் கூரையே போகும். பூட்டிய வீட்டில் முதலில் அழிவது மரமும் சுவரும் அல்ல. எந்தச் சுண்ணாம்பு எவ்வளவு நேரம் ஊற வேண்டும், எந்தக் கோலத்துக்கு எத்தனை புள்ளி, எந்த மாதத்தில் எந்த வேலை என்னும் அறிவே முதலில் அழிகிறது. அது பெரும்பாலும் ஏட்டில் எழுதப்படாதது. பாட்டியர் கையில் இருந்தது.

இங்கே ஓர் உண்மையையும் மறைக்கலாகாது. தம் கையால் செய்தல் என்று போற்றப்பட்ட இவ்வேலைகளில் பெரும்பங்கு பெண்களின் கையிலேயே விழுந்தது. மெழுகியவரும் அரைத்தவரும் கோலமிட்டவரும் அவர்களே. நகரத்து வீட்டில் வேலைக்கும் சென்று வீட்டையும் பார்க்கும் பெண்ணிடம் மரபைக் காக்குமாறு சொல்வது எளிது; அது நீதியாகாது. கல்லில் பெயர் நின்ற இளங்கௌதமன் ஆண்மகன், ஆசிரியர். மண்டபத்தைப் புதுக்குவது அவருக்குத் தாழ்வாகத் தோன்றவில்லை. வெள்ளையடிக்கும் மட்டையை மகனும், மாவிலைச் சரத்தைத் தந்தையும், இழைக்கோலத் துணியைப் பேரனும் ஏந்தும் வீட்டில்தான் இம்மரபு அடுத்த தலைமுறைக்குச் செல்லும்.

விழாவுக்கு ஊர் திரும்பும் குடும்பங்கள் ஒரு நாள் முன்னதாக வந்து சேர்ந்தால் வீடும் ஒரு நாள் அதிகமாக வாழும். பெரியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்து சொல்ல, சிறியவர் செய்ய, அரைநாளில் வாயில் துலங்கிவிடும். அதற்கு வேண்டுபவை சிறிது சுண்ணாம்பு, சிறிது காவி, ஒரு கைப்பிடி அரிசி, ஒரு சரம் மாவிலை, ஒரு விளக்கு. இவற்றின் செலவு ஒரு வேளை உணவகச் செலவை எட்டாது.

வாழும் இடம் யாருக்கும் நிலையானதன்று. உடலே உயிர் தங்கிச் செல்லும் குடில் என்பது அருகன் நெறி. நிலையாத இடத்தை ஏன் அழகு செய்ய வேண்டும் என்னும் வினாவுக்கு மதுரையின் சிற்றில் விடை சொல்கிறது. அங்கே கண்ணகி தங்கியது சிறு பொழுதே. எனினும் தரையில் நீர் தெளித்தாள், கையால் தடவினாள், இலை விரித்தாள். முத்துப் பந்தரைக் கட்டியவர் யார் என்று காப்பியம் சொல்லவில்லை. மண்ணைத் தடவிய கை யாருடையது என்று சொல்லியிருக்கிறது.